சுவரோவியத்துக்கு நிதி ஒதுக்கும் முன்: நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களுக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இளைஞர்கள் ஒருவரையொருவர் வெட்டியும் சுட்டும் சாய்க்கும் செய்திகள் ஒரு நகரத்தில் அடுத்தடுத்து வரத் தொடங்கியதும், ரோந்தைக் கூட்டும் தீர்மானமும் கண்காணிப்புக் கேமரா வாங்கும் தீர்மானமும் உங்கள் மேசைக்கு வருகின்றன. அண்மைக் காலமாக அவற்றோடு மூன்றாவதாக ஒரு கோப்பும் வருகிறது. பாதிக்கப்பட்ட பகுதிகளின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைய வேண்டும் என்று கோரும் கோப்பு அது. அதில் சுவரின் சதுர அடி, பெயின்ட்டின் மதிப்பீடு, ஓவியருக்கான தொகை, திறப்பு விழா நாள் எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சுவரில் தூரிகை பிடிக்கப் போகும் கை யாருடையது என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. இளைஞர்களோடு சேர்ந்து சுவர்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தக் கோப்பை நிராகரிக்க வேண்டாம் என்றும், ஆனால் கையெழுத்திடும் முன் ஒருமுறை திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

பிரச்சினையின் அளவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் உலகெங்கும் கொலையுண்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். உயிர் பிழைத்து, காயத்தோடும் பழிவாங்கும் எண்ணத்தோடும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் இதைப் போலப் பல மடங்கு. இடுப்பில் கத்தி செருகிக்கொண்டு தெருவில் நடக்கும் பதினேழு வயதுப் பையன், எதிர்ச் சுவரில் எழுதியிருக்கும் “அமைதி காப்போம்” என்ற வாசகத்தைப் படித்துவிட்டு அந்தக் கத்தியைச் சாக்கடையில் எறிந்துவிடப் போவதில்லை. எழுதிப்போட்டால் நடந்துவிடும் என்றால், புகைபிடிக்காதீர் என்ற பலகைக்குக் கீழே நின்று யாரும் புகைபிடிக்க மாட்டார்கள். ஆகவே சுவரோவியத்தை ஓர் அறிவிப்புப் பலகையாக எண்ணி நிதி ஒதுக்கினால், அழகான அறிவிப்புப் பலகை ஒன்று கிடைக்கும். அதற்கு மேல் எதையும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஒரு சுவரோவியம் முடிந்து நிற்கும் காலத்தைவிட, அது உருவாகிக்கொண்டிருக்கும் காலம் வேறு வகையானது. ஒரு பெரிய சுவருக்குச் சாரம் கட்டி, பழைய பூச்சைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, கட்டம் போட்டு, கோட்டுருவம் வரைந்து, வண்ணம் நிரப்பி முடிக்க வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும். அத்தனை நாளும் அது ஒரு வேலைத்தலம். அங்கே காலையில் குறித்த நேரத்துக்கு வர வேண்டும். சாரத்தின் மேல் நிற்பவன் கீழே நிற்பவனை நம்ப வேண்டும். ஒருவன் கலந்த நீலத்தில்தான் இன்னொருவன் வானத்தை முடிக்க வேண்டும். இளைஞர் வன்முறையைப் பொறுத்தவரை, உங்கள் நிதியால் வாங்கத் தக்கது இந்த வாரங்களும் மாதங்களுமே.

இது என் கற்பனை இல்லை என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அனுபவம் இருக்கிறது. 1970இல் ஜூடித் பாக்கா என்ற இளம் ஓவியர், ஒன்றோடொன்று பகைமை கொண்ட நான்கு கும்பல்களைச் சேர்ந்த சுமார் இருபது இளைஞர்களை ஒன்றுசேர்த்து, ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடையில் கைகளை விரித்து நிற்கும் ஒரு பாட்டியின் உருவத்தை வரையச் செய்தார். எந்தக் கும்பலும் உரிமை கொண்டாட முடியாத, எந்தக் கும்பலும் அவமதிக்கத் துணியாத ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த நுட்பத்தைக் கவனியுங்கள். பாட்டி எல்லாருக்கும் உண்டு. அதன் பிறகு 1976இல், துஹுங்கா வாஷ் என்ற வெள்ள வடிகால் கால்வாயின் கான்கிரீட் சுவரில், கலிபோர்னியாவின் வரலாற்றை அங்கு வாழ்ந்த எல்லா இனத்தவரின் கண்கொண்டும் காட்டும் நெடிய ஓவியத்தை அவர் தொடங்கினார். முதல் கோடையில் எண்பது இளைஞர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் சிறார் நீதித்துறையின் வழியாக அனுப்பப்பட்டவர்கள். அந்த ஒரு கோடையில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் அடி வரையப்பட்டது. 1983 வரை கோடைதோறும் விட்டுவிட்டுத் தொடர்ந்த அந்தப் பணியில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களும் அவர்களது குடும்பத்தினரும் பங்கேற்றார்கள். சுவரின் நீளம் 2,754 அடியை எட்டியது. ஓவியர்களோடு வரலாற்று ஆய்வாளர்களும் அங்கே பணியாற்றினார்கள் என்பதை உங்கள் திட்ட அதிகாரிகள் குறித்துக்கொள்ள வேண்டும். தன் மக்கள் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள், எதை இழந்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு அதை வரைகிற இளைஞனுக்கு, சுவர் வேறொன்றாகத் தெரியத் தொடங்குகிறது.

பிலடெல்பியாவின் கதை அதைவிட நீளமானது; நகர நிர்வாகத்துக்குள்ளிருந்தே வளர்ந்தது என்பதால் உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியதும் அதுவே. 1984இல் மேயர் வில்சன் குட் அங்கே தொடங்கியது, உண்மையில், சுவரில் கிறுக்குவதை ஒழிக்கும் திட்டம். இனிமேல் கிறுக்க மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்த இளைஞர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களோடு வேலை செய்ய அமர்த்தப்பட்ட ஜேன் கோல்டன் என்ற ஓவியர், ஒழிக்கப்பட வேண்டியவர்களாகக் கருதப்பட்ட அந்தப் பிள்ளைகளிடம் இருந்த கைத்திறனைக் கண்டு, அவர்களைச் சுவரோவியத்துக்குத் திருப்பினார். 1996இல் அந்தப் பணி தனிச் சுவரோவியத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டது. இன்றுவரை அந்த நகரத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அதன் வழியாக உருவாகியிருக்கின்றன. கிறுக்கல் ஒழிப்பாகத் தொடங்கிய ஒன்று வேலையாக மாற அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் நேராக வேலையிலிருந்தே தொடங்கலாம்.

பிலடெல்பியாவில் பரவலாகக் கையாளப்படும் ஒரு தொழில்நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பகைமை கொண்ட இளைஞர்களோடு வேலை செய்வதில் உள்ள மிகக் கடினமான சிக்கலை அது தீர்க்கிறது. அந்த முறையில் ஓவியம் நேரடியாகச் சுவரில் வரையப்படுவதில்லை. பாரசூட் துணி என்று அவர்கள் அழைக்கும் மெல்லிய நெய்யாத் துணியை ஏறத்தாழ ஐந்தடிச் சதுரங்களாக வெட்டி, முழு ஓவியத்தையும் அவற்றின் மேல் பகுதி பகுதியாகக் கோடிட்டு, ஒவ்வொரு பரப்புக்கும் எந்த வண்ணம் என்று எண் குறித்து, எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறார்கள். எல்லாச் சதுரங்களும் முடிந்த பிறகு, அக்ரிலிக் பசையால் அவற்றைச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த முறையின் பயன் என்னவென்று பாருங்கள். வடக்குத் தெருப் பையன் தெற்குத் தெருவின் எல்லையைத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்ற நிலையில், இரு தரப்பையும் ஒரே சாரத்தில் ஏற்றுவது வீர சாகசமாக இருக்கலாம். பொறுப்பான செயல் ஆகாது. துணி என்றால் முதல் மாதத்தில் அவரவர் தம் பகுதியிலேயே உட்கார்ந்து வரையலாம். தன் சதுரத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் மரக்கிளையின் மறுபாதி எவன் கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கிளை பொருந்த வேண்டுமென்றால் தன் பச்சையும் அவன் பச்சையும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதும் தெரியும். முதல் சந்திப்பு வண்ணக் கலவையைப் பற்றியதாக அமையட்டும். சண்டையைப் பற்றிய பேச்சு, அது வர வேண்டிய நேரத்தில், தானாக வரும். துணிச் சதுரம் எங்கும் போகும் என்பதால் மருத்துவமனைப் படுக்கைக்கும் போகும், சிறார் இல்லத்துக்கும் போகும், பிள்ளையை இழந்து வாசல் படி இறங்காத தாயின் வீட்டுக்கும் போகும். உயரமான சாரத்தில் ஏற்றக் கூடாத வயதினரையும் இதில் அச்சமின்றிச் சேர்க்கலாம். பிலடெல்பியாவுக்கு அருகிலிருந்த கிரேட்டர்ஃபோர்ட் சிறையின் கைதிகளும், குற்றங்களால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் சேர்ந்து ஓவியம் உருவாக்கியதும் இந்த வகையில்தான். ஒரு தரப்பு சிறையைவிட்டு வெளியே வர முடியாது. ஆனால் அவர்கள் தீட்டிய துணி வெளியே வந்து சுவரேறியது.

இனி, உங்கள் நிதிக்குழு கட்டாயம் எழுப்பும் கேள்விக்கு வருகிறேன். சுவரோவியம் வரைந்தால் கொலை குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டா? சுவரோவியம் மட்டுமே இதைச் செய்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவரை நம்பாதீர்கள். பிலடெல்பியாவின் சுவரோவியத் திட்டத்தையும் மனநலச் சேவையையும் இணைத்து நடத்தப்பட்ட ஒரு முயற்சியை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 2015இல் அறிக்கை தந்தார்கள். ஓவியம் எழுந்த பகுதிகளில் அண்டை அயலாரிடையே பரஸ்பர நம்பிக்கையும், பொது விஷயத்தில் ஒன்றுசேர்ந்து தலையிடும் மனநிலையும் கூடியதற்கான அறிகுறிகளை அதில் காட்டினார்கள். அது நல்ல செய்தி. ஆனால் துப்பாக்கிச் சூடு குறைந்தது என்ற செய்தியாக அதைத் திரித்துவிடக் கூடாது.

வன்முறையையே நேரடியாக அளந்த வலுவான ஆய்வுகள் வேறு இரண்டு இருக்கின்றன. சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிகளின் பதின்மூன்று பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டு வாரக் கோடைகாலப் பகுதி நேர வேலையைக் குறைந்தபட்ச ஊதியத்தோடும் ஒரு வழிகாட்டியின் துணையோடும் தந்தார்கள். அடுத்த பதினாறு மாதங்களில், வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது, கிடைக்காதவர்களோடு ஒப்பிடும்போது 43 சதவீதம் குறைவாக இருந்தது. 2014இல் வெளியான இந்த ஆய்வில் என்னைப் பெரிதும் கவர்ந்தது இன்னொரு விவரம்: குறைவின் பெரும்பகுதி கோடை முடிந்து, வேலையும் முடிந்த பிறகுதான் ஏற்பட்டது. பையன்களை வேலையில் கட்டிப்போட்டதால் தெருவில் ஆள் குறைந்தது என்று இதை விளக்கிவிட முடியாது. அந்த எட்டு வாரங்களில் அவர்களுக்குள் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. இரண்டாவது ஆய்வு பிலடெல்பியாவில் நடந்தது. பாழடைந்து கிடந்த 541 காலி மனைகளில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்து, குப்பையை அகற்றி, புல்லும் மரமும் நட்டு, தாழ்வான வேலி போட்டுப் பராமரித்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில் அத்தகைய மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது என்பது 2018இல் வெளியான முடிவு.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, சுவரோவியத் திட்டத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிறது. இளைஞருக்கு ஊதியமும் ஒரு மூத்தவரின் துணையும் இருக்க வேண்டும். சுவருக்கு முன்னால் கிடக்கும் இடமும் அதே கையோடு சீராக்கப்பட வேண்டும். ஓவியம் அவ்விரண்டையும் ஒன்றாகக் கோத்துத் தருகிறது, தவிரவும் வேலைக்கு வந்தவன் பத்து ஆண்டு கழித்தும் தன் பிள்ளைக்குக் கைநீட்டிக் காட்டக்கூடிய ஒன்றை மிச்சம் வைக்கிறது. உங்கள் மதிப்பீட்டில் குறைந்தது பாதித் தொகையாவது இளைஞர்களின் ஊதியத்துக்குப் போக வேண்டும் என்பது என் திட்டவட்டமான கருத்து. தேநீரும் சான்றிதழும் ஊதியம் ஆகாது. கும்பல் அவனுக்குக் கையில் காசு தருகிறது என்பதை நீங்கள் மறந்தாலும் அவன் மறக்கப் போவதில்லை.

கொலம்பியாவின் மெடலின் நகரத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லாத சுவரோவியக் கோப்பே இல்லை என்பதால் அதைப் பற்றியும் ஒரு சொல். 1991இல் அங்கே லட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 பேர் என்ற வீதத்தில் கொலைகள் நடந்தன. இன்று அதன் கோமுனா 13 பகுதியின் ஓவியங்களைப் பார்க்க உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். ஆனால் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே 2002ஆம் ஆண்டின் கொடிய ராணுவ நடவடிக்கை இருக்கிறது, அதில் காணாமல் போனவர்களைக் குடும்பங்கள் தேடியலைந்த ஆண்டுகள் இருக்கின்றன, 2004இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளை நகரத்தோடு இணைத்த கம்பிவட ஊர்தி இருக்கிறது, நூலகங்கள் இருக்கின்றன, 2011இல் செங்குத்தான தெருக்களில் அமைக்கப்பட்ட நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன. அங்குள்ள ஓவியங்கள் அந்த வரலாற்றைச் சொல்கின்றன. அதை நடத்திக் காட்டியதாகச் சொல்வது ஓவியர்களுக்கே கூச்சம் தரும். படிக்கட்டையும் நூலகத்தையும் விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நகலெடுக்க நினைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சுவர் தீங்கும் செய்யும். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் முகமூடி அணிந்து துப்பாக்கி ஏந்திய உருவங்கள் பல பத்தாண்டுகளாகச் சுவர்களில் நின்று, இது யாருடைய தெரு என்பதை வருவோர் போவோருக்கு உணர்த்தின. அத்தகையவற்றை அப்பகுதி மக்களின் ஒப்புதலோடு வேறு ஓவியங்களாக மாற்ற 2006இல் வட அயர்லாந்தின் கலை மன்றம் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் நகரத்திலும், கொலையுண்ட இளைஞனின் முகத்தைச் சுவரில் வரைய வேண்டும் என்ற கோரிக்கை முதல் வாரத்திலேயே வரும். அதை மறுப்பது கொடுமை. யோசிக்காமல் ஏற்பதோ ஆபத்து. எதிர்த்தரப்புக்கு அந்த முகம் ஒரு வெற்றிச் சின்னமாகப் படலாம், அதன் மேல் ஒரு கிறுக்கல் விழுந்தாலே அடுத்த கொலைக்குக் காரணம் கிடைத்துவிடும். எந்த வண்ணம் எந்தக் கும்பலுக்குரியது, எந்த எண், எந்தக் கை முத்திரை எதைக் குறிக்கிறது என்பது ஓவியருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; தெருவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கருப்பொருளை அவர்களோடு உட்கார்ந்து முடிவுசெய்யாமல் நகர மண்டபத்தில் முடிவுசெய்து அனுப்பினால், நல்லெண்ணத்தோடு தீட்டிய ஒரு சிவப்புச் சட்டை ஒரு பையனின் உயிருக்கு உலையாகிவிடக்கூடும்.

இன்னொன்றையும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். வேலைத்தலத்தில் இளைஞர்கள் பேசிக்கொள்வதைத் தகவலாகச் சேகரிக்க அங்கே யாரும் அனுப்பப்படக் கூடாது. அப்படி ஒருமுறை நடந்துவிட்டது என்ற ஐயம் எழுந்தாலே போதும், மறுநாள் சாரத்தில் ஓவியர் மட்டும்தான் நிற்பார்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள்; உங்கள் பொறியாளர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓதம் ஏறும் சுவரில் அடித்த எந்தப் பெயின்ட்டும் உப்புப் பூத்து உரிந்துவிடும். நாள் முழுதும் வெயில் விழும் சுவரில் மலிவான சிவப்பும் மஞ்சளும் சில ஆண்டுகளிலேயே வெளிறிப்போகும். காவி போன்ற கனிம நிறங்கள் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். சுவரின் பழுதைப் பார்க்கும் செலவையும், மேல்பூச்சு வார்னிஷையும், ஆண்டுக்கொருமுறை சீரமைக்கும் தொகையையும் முதல் மதிப்பீட்டிலேயே சேருங்கள். சீரமைக்கும் வேலையை, வரைந்த அதே இளைஞர்களுக்கே கொடுங்கள். கோடை முடிந்தும் அவர்களுக்கு வருமானம் தொடர அது ஒரு வழி.

பராமரிப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பங்கேற்ற ஒரு பணியில், பதினொரு இளைஞர்கள் இரண்டு மாதம் உழைத்து ஒரு நீண்ட மதில்சுவரை முடித்தார்கள். மூன்றாம் ஆண்டில், யாரோ முக்கியமானவர் அவ்வழியே வருகிறார் என்பதற்காக, ஓர் இரவில் அந்தச் சுவர் முழுவதற்கும் வெள்ளையடிக்கப்பட்டது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. யாரை அழித்தோம் என்று வெள்ளையடித்தவர்களுக்கும் தெரியவில்லை. அந்தக் குழுவில் மிகக் குறைவாகப் பேசுகிற ஒருவன் காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “இதுக்கு நாங்க அங்க கிறுக்கிட்டே இருந்திருக்கலாம்” என்றான். அவனுக்கு அன்று நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. சொல்லத்தக்க பதில் எதுவும் என்னிடம் இருந்திருக்காது. சுவரோவியத்துக்கு ஒப்புதல் தரும் அதே தீர்மானத்தில், வரைந்தவர்களுக்கு எழுத்து மூலம் முன்னறிவிப்புத் தராமல் அதை மறைக்கவோ அழிக்கவோ கூடாது என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், அந்தச் சுவர் நிற்கும் தெருக்களின் இளைஞர்களை உங்கள் நிலைக்குழுவின் ஓர் அமர்வுக்கு அழையுங்கள். காலை பதினொரு மணிக்கு வைக்காதீர்கள், அந்த நேரத்தில் உங்களுக்கு வசதியானவர்கள் மட்டுமே வருவார்கள், மாலையில் வையுங்கள். இரு தரப்பையும் ஒரே நாளில் அழைக்க வேண்டாம். வந்தவர்களிடம் எதை வரையலாம் என்று முதலில் கேட்காதீர்கள். எந்தச் சுவர், எந்த மாதம், நாளொன்றுக்கு எவ்வளவு கூலி, தங்களோடு யார் நிற்பார்கள் என்பதை அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகளோடு கோப்பைத் திரும்ப எடுத்து வந்தால், பிரைமர் எது வாங்கலாம் என்பதிலிருந்து எல்லா வேலைக்கும் என்னைப் போன்ற ஓவியர்கள் உடனிருப்போம்.

இப்படிக்கு,
சுவரில் வேலை செய்யும் ஓர் ஓவியன்